பாசிர் ரிஸ்ஸில் அக்கா குனிந்திருந்த நாட்கள்

சிங்கப்பூருக்கு என்னை அனுப்பலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு பெரிய ஆலோசனையே நடந்தது. "இவளையா?" என்று அண்ணன் கேட்டார். ஆனால் வேறு ஆள் இல்லை.

அக்கா ஜெசிந்தாவுக்கு இடது கண்ணில் விழித்திரை பிய்ந்துவிட்டது. அவசரமாக அறுவை செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை விட்டிருந்தார்கள். தண்ணீரில் குமிழ் மேலே மிதப்பதுபோல அது மிதந்து பின்பக்கமுள்ள விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு அக்கா பகலும் இரவும் முகத்தைத் தரையைப் பார்த்தே வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தாலும், நடந்தாலும், தூங்கினாலும். அத்தான் கப்பலில் இன்ஜினியர், நடுக்கடலில் இருந்தார். அவர்கள் மகள் ஆஸ்திரேலியாவில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளி விடுமுறையில் சும்மா இருந்தது நான் ஒருத்திதான்.

நான் தூத்துக்குடியில் கணக்கு டீச்சர். வகுப்பறைக்குள் இருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே வந்தால்தான் தொல்லை. பூசை முடிந்து வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். முட்டையை உரித்து, தட்டில் ஓட்டையும் குப்பையில் முட்டையையும் போடுவேன். ஒருமுறை ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போய், பஸ்ஸில் வீடு திரும்பி, வண்டி திருடுபோய்விட்டது என்று போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போய்விட்டேன். ஊரில் இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன். உள்ளே எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு, என்றைக்காவது ஒருநாள் சிரிக்க முடியாத ஒன்றை மறந்துவிடுவேன் என்று.

போனில் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கண்ணுக்கு மருந்து ஊத்தத் தெரியும்லா? அது போதும். வா."

*

அக்காவின் மாதாகோவில்காரர் ஒருவர் விமான நிலையத்திலிருந்து என்னைக் கொண்டுவந்து விட்டார். பாசிர் ரிஸ், சிங்கப்பூரின் கிழக்குக் கோடி. வரிசை வரிசையாக அடுக்குமாடி வீடுகள். அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்றுக் கடல் தெரிகிறது.

கூடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியைத் தாங்க ஒரு வளையம் வைத்த வாடகை நாற்காலி. அதில் முகத்தைப் பதித்துக் குனிந்திருந்தாள். கீழே தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் டிவி தலைகீழாகத் தெரிந்தது.

"ஏட்டி, வந்துட்டியா?" என்றாள் தரையிடம். "கால் வீங்கியிருக்கு. விமானத்துல தண்ணியே குடிக்கலியா?"

அவளால் என் காலைத்தான் பார்க்க முடிந்தது. அதைப் பார்த்தே இத்தனையும் கண்டுகொண்டாள். அதுதான் ஜெசிந்தா. எங்கள் வீட்டில் யார் பிறந்தநாள், யாருக்கு என்ன மாத்திரை, எந்த வீட்டு வரி எப்போது கட்ட வேண்டும் எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். இங்கே துறைமுகம் தொடர்பான ஓர் அலுவலகத்தில் வேலை. எந்தச் சரக்குப்பெட்டி எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று திரையைப் பார்த்து ஒழுங்கு செய்கிற வேலை. அவள் தவறவிட்டு ஒரு பெட்டி தப்பான ஊருக்குப் போனதாக நான் கேட்டதே இல்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டு ஹாஜரா ராத்தா வந்தார். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். அறுபதைத் தாண்டிய வயது. அவருடைய தாத்தா காலத்திலேயே நாகூர்ப் பக்கமிருந்து வந்து துணிக்கடை வைத்த குடும்பமாம். தட்டு நிறைய மீ கோரெங், அதாவது சிவக்க வறுத்த மஞ்சள் நூடுல்ஸ், கொண்டுவந்திருந்தார்.

"நீங்கதான் தங்கச்சியா? சாப்பிடுங்க லா, சூடா இருக்கு" என்றார்.

அந்த 'லா'வைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் 'லா' போடுகிறவர்கள்தான், ஆனால் கேள்வியில். வரும்லா, தெரியும்லா. இங்கே அது வாக்கியத்தின் கடைசியில் ஒரு தட்டிக்கொடுத்தல்போல வருகிறது. இதை யோசித்துக்கொண்டே நான் அக்காவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். எடுத்து நானே குடித்துவிட்டு வந்தேன்.

"தண்ணி எங்கட்டி?" என்றாள் அக்கா.

ஹாஜரா ராத்தா என்னை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். பிறகு அவரே எழுந்துபோய் எடுத்துவந்து, உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தார்.

*

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. மூன்று விதச் சொட்டு மருந்து. வெள்ளை மூடி, மஞ்சள் மூடி, சிவப்பு மூடி. சிவப்பு மூடி காலையில் மட்டும். மருந்து ஊற்றும் அந்தச் சில நொடிகள்தான் அக்காவின் முகம் மேலே திரும்பும். கண் ரத்தமாகச் சிவந்திருக்கும். இமைகளைப் பிரித்து நான் ஒரு சொட்டு விட்டதும் உடனே குனிந்துவிடுவாள். சாப்பாட்டைக் கிண்ணத்தில் போட்டு மடியில் கொடுத்தால் கரண்டியால் எடுத்துக்கொள்வாள். அவள் வாயைப் பார்க்காமல் அவள் சாப்பிடுவதைப் பார்ப்பது எனக்குப் பழகவே இல்லை.

நான் கைப்பேசியில் ஒவ்வொரு மருந்துக்கும் மணி வைத்திருந்தேன். சாவி தொலைந்துவிடக் கூடாது என்று வீட்டிலிருந்த இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து என் கைப்பையின் உள்பைக்குள் போட்டுக்கொண்டேன். இங்கே வீட்டுக் கதவுக்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பிக் கதவு இருக்கிறது. வெளியே போகும்போது அதில் பூட்டுப் போட்டுவிட்டுப் போகலாம். கீழே கடைக்குப் போகும்போதெல்லாம் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி ஒருமுறை வந்து இழுத்துப் பார்ப்பேன். என்னைப் போன்றவர்கள் இப்படித்தான் பிழைக்கிறோம். எதை மறப்போம் என்று தெரியாததால் தெரிந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கோவில் ஆட்கள் வந்து செபம் சொன்னார்கள். போகும்போது ஒரு அம்மாள் என்னிடம், "நீ வந்தது பெரிய காரியம்மா. ஜெசிந்தாதான் எங்க எல்லாரையும் பார்த்துப்பா. அவளப் பார்க்க ஆள் வேணும்ல" என்றார். அன்று முழுவதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

மறுநாள் காலை அக்கா, "வாய் செத்துப்போச்சுட்டி. தேக்கா மார்க்கெட்டுல நல்ல மீன் கிடைக்கும். புளி ஊத்தி ஒரு குழம்பு வை. முருங்கைக் கீரையும் பாரு. மத்தியான மருந்துக்குள்ள வந்துரலாம்" என்றாள். எந்த ரயில், எங்கே மாற வேண்டும் என்று தரையைப் பார்த்தபடி இரண்டு தடவை சொன்னாள். பூட்டிவிட்டுக் கிளம்பினேன். இழுத்துப் பார்த்தேன். மறுபடி வந்து இழுத்துப் பார்த்தேன்.

*

இந்த ஊர் ரயிலில் நாலு மொழியில் அறிவிப்பு வருகிறது. ரயிலுக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி ஒரு பெண் குரல் திருத்தமான தமிழில் சொல்கிறது. ஊரில் ரயில் ஏறும்போது தள்ளிவிடுவார்கள், திட்டுவார்கள். கவனமாக இருங்கள் என்று இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் பெட்டிக்குள் அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லார் தலையும் கைப்பேசியில் குனிந்திருந்தது. வீட்டில் குனிந்திருப்பவளை நினைத்துக்கொண்டேன்.

தேக்கா மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் ஊர் வாசனை. ஆட்டுக்கறி, கறிவேப்பிலை, ஈரத்தரை. மீன் பகுதியில் ஒரு சீனர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும், "அக்கா, பாறை இருக்கு, வஞ்சரம் இருக்கு. காலைல வந்துச்சு, பாருங்க" என்று தமிழில் சொன்னார். தூத்துக்குடிக்காரி அதற்காக மீனைப் பார்க்காமல் வாங்குவாளா? இரண்டு கையாலும் செவுளைப் பிரித்துப் பார்த்தேன். நல்ல சிவப்பு. வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். வெட்டச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இரண்டு கையையும் பயன்படுத்துவதற்காகக் கையிலிருந்ததை எங்கோ வைத்திருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ரயில் நிலையத்துக்குள் இறங்கும் படிக்கட்டில் எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள் போனார்கள். ஒரு தமிழ்ப் பையன், ஒரு சீனப் பெண். இருவருக்கும் காது கேட்காது போலிருக்கிறது. கைகளால் பேசிக்கொண்டு போனார்கள். அப்படி ஒரு பேச்சை நான் பார்த்ததில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் வேறு எங்கும் பார்ப்பதில்லை. பார்க்க முடியாது, பார்த்தால் பேச்சு அறுந்துவிடும். ஏதோ சண்டை. அவள் விரல்கள் வேகமாகக் கேள்வி கேட்டன, அவன் மெதுவாகப் பதில் சொன்னான். நடுவில் அவள் அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, இதைப் பார் என்பதுபோலத் தன் கையைக் காட்டினாள். நான் அவர்கள் பின்னாலேயே போனேன். அவர்கள் ஏறிய பெட்டியில் ஏறி, எதிரில் உட்கார்ந்தேன். சண்டை எங்கோ ஒரு நிலையத்தில் சமாதானம் ஆனது. அவர்கள் இறங்கிப் போனார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

ரயில் ஓரிடத்தில் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஒரு வயதான சீனர் கதவருகே திரும்பி நின்று, கடைசி நிலையம் வந்துவிட்டது, இறங்குங்கள் என்று ஆங்கிலத்திலும் கைஜாடையிலும் சொன்னார். வெளியே வந்து பெயர்ப்பலகையைப் பார்த்தேன். புக்கிட் பாஞ்சாங். ஊரின் வடமேற்கு மூலை. நான் போக வேண்டியது கிழக்கு மூலை.

கைப்பையில் கைப்பேசியைத் தேடினேன். பையைத் தரையில் கொட்டித் தேடினேன். மருந்துக்கு மணி அடிக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தது. அது வேறு எங்கோ கிடந்து அடித்து ஓய்ந்திருக்கும்.

அந்தச் சீனர் தன் கைப்பேசியை நீட்டினார். வாங்கிக்கொண்டு நின்றேன். எனக்கு அக்காவின் எண் தெரியாது. பதினேழாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கூடப் பிறந்தவளின் எண் தெரியாது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும் ரயிலைத் தேடி ஓடினேன்.

திரும்பி வரும் வழி முழுக்க, முழு நகரத்தையும் குறுக்கே கடந்து, நான் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் மறுபடி எங்கோ போய்விடுவேன் என்று பயம். ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். பனிக்கட்டி உருகி மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கைக்குட்டையால் தரையைத் துடைத்தேன். பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். மருந்து கொஞ்சம் பிந்தினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

*

மாடியின் நீண்ட தாழ்வாரத்துக் கடைசியில் அக்கா வீடு. தூரத்திலிருந்தே தெரிந்தது, கம்பிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பூட்டு இரண்டாக வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தது. வாசலில் யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். உள்ளே நாற்காலி காலி. கண்ணாடியில் டிவி மட்டும் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது.

என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. எதிர்வரிசை மலாய் அம்மா ஓடிவந்தார். அவர் சொன்னது பாதி மலாய், பாதி ஆங்கிலம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். "உன் அக்காவுக்குக் கண்ணில் பயங்கர வலி. ஆம்புலன்ஸ் வந்தது. ஹாஜரா கூடப் போயிருக்கிறார். அழாதே, வா, டாக்சி கூப்பிடுகிறேன்." என் கையிலிருந்த மீன் பையை வாங்கிக்கொண்டு, கீழே வந்து, டாக்சி ஓட்டுநரிடம் ஆஸ்பத்திரியின் பெயரை அவரே சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு திரைக்கு வெளியே ஹாஜரா ராத்தா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அக்காவின் துண்டு, வாந்தியில் நனைந்தபடி.

"ராத்தா..."

"உயிருக்கு ஒண்ணுமில்ல. உட்காரு முதல்ல."

உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வலி தாங்க முடியாம உனக்கு ஃபோன் போட்டிருக்கா. மீன் கடைக்காரர் எடுத்திருக்கார். 'அக்கா ஃபோன மறந்துட்டுப் போச்சு'ன்னு சொன்னாராம். அப்புறம் எனக்குப் போட்டா. நான் ஓடியாந்து பார்த்தா, உள்கதவத் திறந்துட்டா, ஆனா கம்பிக் கதவு பூட்டியிருக்கு. சாவி எங்கேன்னா, ரெண்டும் தங்கச்சிகிட்டன்னா. கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில உட்கார்ந்து வாந்தி எடுக்கிறா. அப்பவும் தலையத் தூக்கல, பாரு. குனிஞ்சே இருந்தா. நான் கம்பிக்குள்ள கைய விட்டு அவ கையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வேற என்ன செய்ய முடியும்? பூட்ட வெட்டுற கத்தரி கீழ் வீட்டுக்காரர் கொண்டுட்டு வர்ற வரைக்கும் நின்னேன்."

"நான் பத்திரத்துக்காகத்தான் ரெண்டையும்..."

"தெரியும் லா. இப்ப ஒண்ணும் சொல்லாதே. அவ கேட்பா, அவகிட்ட சொல்லு."

டாக்டர் வந்தார். இளம் வயதுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது, ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்து இறக்கிவிட்டோம் என்றார். மருந்து பிந்தியதாலா என்று கேட்டேன். இல்லை, குமிழ் விரியும்போது சிலருக்கு இப்படி ஆகும் என்றார். பூட்டு வெட்டும்வரை ஆன நேரத்தால் பார்வைக்கு ஏதும் ஆகியிருக்குமா என்று கேட்டேன். "குமிழ் கரையட்டும். அப்போது பார்ப்போம்" என்றார்.

திரைக்கு உள்ளே அக்கா தலையணையில் முகம் கவிழ்த்துக் கிடந்தாள். என் காலடி கேட்டதும் தெரிந்துகொண்டாள்.

"ஏன்டி ரெண்டு சாவியையும் எடுத்துட்டுப் போன?"

கட்டிலருகே போய் நின்றேன்.

"எங்க போன?"

"தப்பான ரயில்ல ஏறிட்டேன்."

"என்னத்தப் பாத்துக்கிட்டு நின்ன?"

அந்த இரண்டு பேரைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? அவ்வளவு அழகாக இருந்ததை அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உன்ன வரச் சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றாள். தலையணைக்குள் அவள் குரல் அமுங்கிக் கேட்டது. "சின்ன வயசுலேருந்து உனக்கும் சேத்து நான்தான் பாத்துக்கிட்டேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், எனக்கு நீ பாத்துக்கிடுவேன்னு நெனச்சேன்."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

*

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். நான் ஒரு முடிவோடு இருந்தேன். "ஒரு நர்ஸ ஏற்பாடு பண்ணிரலாம்க்கா. நான் ஊருக்குப் போறேன். என்னால முடியாது. கவனம்ங்கறது எங்கிட்ட இல்ல, என்ன செஞ்சாலும் வர மாட்டேங்குது" என்றேன்.

நான் பெட்டியை எடுக்கப் போனேன்.

"உட்காரு" என்றாள். "ஒண்ணு சொல்லணும். அத்தான்கிட்டகூடச் சொல்லல."

தரையில், அவள் முகத்துக்குக் கீழே, கண்ணாடி பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் முகத்தோடு முகம் பார்த்துப் பேசினோம்.

"இந்தக் கண்ணுல மின்னல் மாதிரி வெட்ட ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, ஆப்பரேஷனுக்கு முன்னாடி. அப்புறம் ஓரத்துல ஒரு நிழல். திரைச்சீலை இறங்குற மாதிரி. ஆபிஸ்ல சிஸ்டம் மாத்துறாங்க, தலைக்கு மேல வேலை. கோவில்ல பாட்டுக் குழு. பிள்ளைக்குப் பரீட்சை. சரி, ஸ்கிரீன் பாத்துப் பாத்துக் கண்ணு அசந்திருக்கும்னு விட்டுட்டேன். மின்னல் வெட்டுன அன்னிக்கே போயிருந்தா லேசர்ல முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. எல்லாத்தையும் பாக்கேன், எல்லாத்தையும் பாக்கேன்னு இருந்து, எங் கண்ணுக்குள்ள இருந்தத நான் பாக்கல."

அவள் கண்ணீர் நேராகக் கீழே விழுந்தது. ஒரு சொட்டு என் கன்னத்தில் பட்டது.

"அழாதக்கா. கண்ணுக்கு ஆகாது" என்றேன்.

"நீ போகாத" என்றாள்.

எனக்கு அதில் ஆறுதல் கிடைத்தது என்று சொன்னால் பொய். அவளுக்கும் தவறும் என்பது எனக்குப் பெரிய திகிலாக இருந்தது. அவள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில்தானே நான் இத்தனை வருடம் இஷ்டத்துக்கு மறந்துகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நாங்கள் ஒன்று செய்தோம். யோசித்துச் செய்ததில்லை. ரயிலில் நிலையப் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்த பழக்கத்தில் நான் மருந்து ஊற்றும்போதும் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். "கை கழுவிட்டேன். வெள்ளை மூடி. இடது கண்ணு. ஒரு சொட்டு. மூடியாச்சு." அக்கா குனிந்தபடி ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். அடுப்பைப் பற்றவைத்தால் சொல்வேன், அணைத்தால் சொல்வேன். சொல்லவில்லையென்றால் அவள் கேட்பாள். அவளுக்குக் கண் இல்லை, எனக்குக் கவனம் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரு ஆளாக அந்த வீட்டை ஓட்டினோம்.

ஒருநாள் சாயங்காலம், மழை. ஜன்னல் வழியே அந்தக் கீற்றுக் கடலில் ஒரு கப்பல் நுழைந்து மறைந்ததைப் பார்த்துக்கொண்டே வந்து, "கை கழுவிட்டேன். சிவப்பு மூடி" என்றேன்.

"என்ன மூடி?"

என் கையைப் பார்த்தேன். சிவப்பு. காலையில் மட்டும் விட வேண்டியது.

"மஞ்ச" என்றேன், பாட்டிலை மாற்றி எடுத்துக்கொண்டு. குரல் எனக்கே கேட்கவில்லை.

"ம்" என்றாள் அக்கா.

அந்த மறதி என்னை விட்டுப் போய்விடவில்லை, போகவும் போகாது என்று எனக்கு அப்போது புரிந்தது. நாகப்பட்டினத்து வெங்காய வடகம் போட்டு ஹாஜரா ராத்தா வைத்த குழம்பை அன்று இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

*

நிமிரலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் அக்காவால் கழுத்தைத் தூக்க முடியவில்லை. தோளிலிருந்து உச்சிவரை விறைத்துப்போயிருந்தது. ஒரு குழந்தைக்குத் தலை நிற்பதுபோல மெல்ல மெல்லத்தான் நின்றது. குமிழ் கரையக் கரைய, கண்ணுக்குள் தண்ணீர் மட்டம் ஆடுவதுபோலத் தெரிகிறது என்றாள். அதன் மேல்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது.

கடைசிப் பரிசோதனைக்கு நானும் உள்ளே போனேன். வலது கண்ணை மூடி எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். பெரிய எழுத்துகளைப் படித்தாள். அடுத்த வரியில் இரண்டைத் தப்பாகச் சொன்னாள். பிறகு டாக்டர் கையை ஒவ்வொரு பக்கமாக நீட்டி விரலை ஆட்டினார். மேலே தெரிந்தது. வலது பக்கம் தெரிந்தது. இடது பக்கம், கீழே, அவர் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். அக்கா காத்துக்கொண்டே இருந்தாள். அவர் தொடங்கிவிட்டார் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மூலை திரும்ப வராது என்றார் டாக்டர். நான் அவரைப் பார்த்தேன். பூட்டு வெட்டிய நேரத்தைப் பற்றிய என் கேள்வி அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். "அது அறுவைக்கு முன்பே போனது" என்றார். முழுக்கவுமா என்று நான் கேட்கவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்து, "போலாம்" என்றாள்.

அன்று மாலை பாசிர் ரிஸ் கடற்கரைக்கு நடந்து போனோம். ஹாஜரா ராத்தா கட்டிக்கொடுத்த நாசி லெமாக் பையில் இருந்தது. தேங்காய்ப்பால் சோறும் நெத்திலி வறுவலும், வாழையிலை மணத்தோடு. கடலில் கப்பல்கள் அசையாமல் நின்றன. எங்கள் ஊர்க் கடல்போல இரைச்சல் இல்லை. அக்கா நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"கப்பலெல்லாம் நெளிஞ்சு தெரியுது. ஆனா தெரியுது" என்றாள்.

பாதை நெடுக ஆட்கள். ஓடுகிறவர்கள், நாயோடு நடக்கிறவர்கள், பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்து முந்திப்போகும் சைக்கிள்கள். ஒரு சைக்கிள் அவளை உரசுவதுபோல இடப்பக்கம் தாண்டிப் போனது. அவள் திடுக்கிட்டு நின்றுவிட்டாள். அது வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. அது கடந்துபோய் நேரே தெரிந்த பிறகுதான் பயந்தாள்.

நான் அவள் வலப்பக்கம் நடந்துகொண்டிருந்தேன்.

"ஏட்டி லீமா" என்றாள். "இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் இல்ல." இடது கையைக் கீழே நீட்டிக் காற்றில் ஒரு இடத்தைக் காட்டினாள். "இங்க வந்து நில்லு."

"என்னைய நம்பியா?"

"வேற யாரு இருக்கா? வா."

சுற்றி வந்து அந்த இடத்தில் நின்றேன். அவள் நேரே பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நானும் நடந்தேன். கடலைப் பார்க்கவில்லை. "சைக்கிள் வருது" என்றேன். "ம்" என்றாள் அக்கா.